நடுகல் முன் நின்று என்ன பார்ப்பது? தருமபுரி, கிருஷ்ணகிரி கற்சிற்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரிப் பக்கத்து ஏரிக்கரையிலோ, கிருஷ்ணகிரி மாந்தோப்பு ஓரத்திலோ எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கறுத்துப்போன ஒரு பலகைக் கல் நிற்கிறது. உற்றுப் பார்த்தால் ஓர் ஆள் தெரிகிறான். இடக்கையில் வில், வலக்கையில் வாள், தலைக்கு மேல் ஏதோ கீறல்கள். "எங்கள் வேடியப்பன்" என்கிறார் ஊர்ப் பெரியவர். கூட வந்த நண்பரோ வில்லைக் கண்டதும் அர்ஜுனன் என்று முடிவுகட்டிவிடுகிறார்.

இரண்டு பேரையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இருவர் சொல்வதையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. இது நடுகல், அதாவது இறந்த வீரனின் நினைவாக நட்ட கல். கல்லை வெட்டியவர்கள் அதில் ஒரு செய்தியை வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதற்கு ஒரு பெயரும் பூசையும் கொடுத்தார்கள். பெரியவர் சொல்வது இரண்டாவது வகைச் செய்தி, அதற்கும் வரலாற்று மதிப்பு உண்டு. நண்பர் சொல்வது வெறும் ஊகம். குறிப்பேட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கண்ணால் கண்டது, வலப்பக்கம் காதால் கேட்டது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கோட்டை அழிக்காமல் காப்பாற்றுவதற்காகத்தான்.

முதலில் அருங்காட்சியகம்

நேராகக் காட்டுக்கும் மலைக்கும் கிளம்பிவிடாதீர்கள். தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டிலும் நடுகற்களை எண்ணெயும் துணியும் இல்லாமல், கழுவிய முகத்தோடு பார்க்கலாம். ஒரே இடத்தில் பல கற்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு தானாகக் கண்ணில் படும். இந்தப் பழக்கம் இல்லாமல் வெளியில் போனால் எல்லாக் கல்லும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஒரு சின்னச் சிக்கலை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தருமபுரி 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிற்கும் ஒரு கல்லைப் பற்றிய பழைய பதிவு "தருமபுரி" என்ற தலைப்பிலோ "சேலம்" என்ற தலைப்பிலோ இருக்கக்கூடும். கிருஷ்ணகிரி என்று மட்டும் தேடிவிட்டு ஒன்றுமே பதிவாகவில்லை என்று சொல்பவர்கள் ஏராளம்.

இன்னொன்று. அதியமானின் தகடூர்தான் தருமபுரி என்பதால் இங்கே பாறையில் குடைந்த பெரிய கடவுள் சிற்பங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் உண்டு. அதியர் மரபினர் 8-ஆம் நூற்றாண்டில் குடைந்த நரசிம்மரும் அரங்கநாதரும் நாமக்கல்லில் இருக்கிறார்கள். அதைப் பார்க்க அங்கேதான் போக வேண்டும். தகடூர் மண்ணின் செல்வம் நடுகல். என் பார்வையில் அது குடைவரைக்குக் குறைந்ததல்ல, ஏனென்றால் இங்கே கல்லில் நிற்பவன் பெரும்பாலும் மாடு மீட்கப் போன ஒரு சாதாரண ஊர்க்காரன்.

புறப்படும் முன்

மார்கழி, தை, மாசி நல்ல காலம். சித்திரை வெயிலில் கிருஷ்ணகிரிப் பாறைகள் மேல் கால் வைக்க முடியாது. நண்பகலில் சிற்பமும் சரியாகத் தெரியாது. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும்தான் மேலோட்டமாகச் செதுக்கிய கோடுகள் நிழல் பெற்று எழுந்து நிற்கும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை: ஒரு டார்ச், கையகலக் கண்ணாடி, அளவு நாடா, மென்மையான துணித் தூரிகை, குறிப்பேடு, பென்சில், குடிநீர். கண்ணாடி எதற்கென்றால், மரநிழலில் நிற்கும் கல்லின் மேல் வெயிலைத் திருப்பிப் பக்கவாட்டில் அடிக்க. மங்கிய எழுத்தைப் படிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

தருமபுரி சேலம் – பெங்களூரு ரயில் பாதையில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் இல்லை, ஆனால் சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் கூடும் இடம் என்பதால் பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஊர்களுக்குள் போக இரு சக்கர வண்டிதான் வசதி. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரங்களில் யானை நடமாட்டம் உண்டு. வனத்துறையைக் கேட்காமல், உள்ளூர் ஆள் துணை இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைய வேண்டாம்.

கல்லைத் தொடும் முன் ஆளைத் தேடுங்கள்

வழிபாட்டில் இருக்கும் கல் என்றால் பூசாரியையோ நிலத்துக்காரரையோ கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. செருப்பைக் கழற்றிவிட்டு, "ஐயா, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. "இது சாமி இல்லை, நடுகல்" என்று பாடம் நடத்தத் தொடங்கினால் அந்த ஊரில் உங்கள் வேலை அத்தோடு முடிந்தது.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. சாமிக்கு என்ன பெயர்? யார் வீட்டுக் குலசாமி? எந்த நாளில் பூசை? பொங்கலா, கிடா வெட்டா? கல் எப்போதும் இங்கேயேதான் இருந்ததா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சாலை அகலப்படுத்தியபோதும் ஏரி தூர்வாரியபோதும் பல கற்கள் இடம் மாறியிருக்கின்றன. பழைய வழித்தடங்களில் வீரனின் பெயரையும் பெருமையையும் எழுதி, மயிற்பீலி சூட்டி நடுகல் நிறுத்தியதை அகநானூறு சொல்கிறது. கல் தன் பழைய இடத்திலேயே நின்றால், அதன் முன்னால் போகும் ஒற்றையடிப் பாதை மாடுகள் போய்வந்த பழைய வழியாக இருக்க வாய்ப்புண்டு. இடம் மாறிய கல்லில் அந்தச் சான்று போய்விடுகிறது.

பதில்களை வலப்பக்கத்தில் எழுதுங்கள். சொன்னவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். ஓசூர், வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகப் பேசுபவர்கள் நிறைய. அங்கே ஒரே கல்லுக்கு இரண்டு பெயர் சொல்வார்கள். இரண்டையும் எழுதுங்கள்.

ஆளைப் படிப்பது

இப்போது இடப்பக்கம். யார் இது என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். என்ன தெரிகிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.

கைகளிலிருந்து தொடங்குவது நல்லது. இரண்டு கைதானா, நான்கா? நான்கு கை என்றால் பெரும்பாலும் தெய்வ உருவம். இரண்டு கையும் ஆயுதமும் என்றால் மனிதனாக இருக்க வாய்ப்பு அதிகம். இடக்கையில் வில், வலக்கையில் வாள் அல்லது குறுவாள் என்பது பல்லவர் காலக் கற்களில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு. வில்லைக் கண்டதும் அர்ஜுனனையோ இராமனையோ நினைத்துக்கொள்வதால்தான் பலரின் கணக்கு முதல் வரியிலேயே தவறுகிறது. வில் இந்த மலைநாட்டில் எல்லோர் கையிலும் இருந்த கருவி.

அடுத்து உடல். மார்பிலும் தொடையிலும் குத்தி நிற்கும் அம்புகளைத் தேடுங்கள். சிறு கோடுகளாக இருக்கும், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் எளிதில் மறைந்துவிடும். அம்பு தைத்திருந்தால் அவன் எப்படி இறந்தான் என்பது தெரிந்துவிட்டது.

காலடியிலும் பின்புறமும் பாருங்கள். மாடுகள் இருந்தால் ஆநிரைச் சண்டை, அதாவது மாட்டு மந்தைக்காக நடந்த சண்டை. கவர்ந்தவனா, மீட்டவனா என்பதைப் படம் மட்டும் சொல்லாது, எழுத்து இருந்தால் அது சொல்லும். ஆளுக்குச் சமமான உயரத்தில் பின்னங்காலில் எழுந்து நிற்கும் விலங்கும், அதன் வயிற்றிலோ வாயிலோ பாய்ந்த ஈட்டியும் தெரிந்தால் அது புலிக்குத்திக் கல். காட்டுப்பன்றியோடு போராடி இறந்தவனுக்கும் கல் உண்டு. வாலும் வாயும் பார்த்துப் புலியையும் பன்றியையும் பிரியுங்கள். சில கற்களில் நாயும் நிற்கும். பக்கத்துச் செங்கம் பகுதியில் எடுத்தனூர் நடுகல்லில் இருக்கும் நாய்க்குப் பெயரே எழுதியிருக்கிறது: கோவிவன். தன் ஆள் இறந்த பின்னும் இரு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற நாய். முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. மன்னன் மண்டகப்பட்டுக் குடைவரையில் பெயர் பெற்றால், இங்கே ஒரு நாய் பெயர் பெற்றிருக்கிறது.

இனி, பலரைக் குழப்பும் மூன்று காட்சிகள்.

முதலாவது, வீரன் காலருகே இருக்கும் சிறு கெண்டி அல்லது குடம். பூசைச் செம்பு என்று கடந்துபோகிறவர்கள் அதிகம். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் (232) நினைவிருந்தால் இந்தக் கெண்டி பேசத் தொடங்கும். நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள். மலைநாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார் அவர். தகடூர்க்காரனின் நடுகல்லைப் பற்றித் தகடூரை நன்கு அறிந்தவர் பாடிய பாடல் அது. எல்லாக் கெண்டியிலும் கள்தான் இருந்தது என்று அடித்துச் சொல்ல வேண்டாம். வீரனுக்குப் படைத்த பானம் என்ற வழக்கம் கல்லுக்கு முந்தியது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

இரண்டாவது, வீரன் தன் கழுத்திலேயே வாளை வைத்திருக்கும் உருவம். ஒரு கை குடுமியைப் பிடித்திருக்கும், மறு கை வாளைக் கழுத்துக்குக் கொண்டுபோகும். இது போரில் இறந்தவன் கல் அல்ல. நவகண்டம் அல்லது அரிகண்டம் எனப்படும் தற்பலி. அரசனின் வெற்றிக்காகவோ வேண்டுதலுக்காகவோ தன்னைத் தானே கொடுத்தவன். வாள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கவனிக்காமல் விட்டால் தியாகியைப் படைவீரனாக எழுதிவிடுவோம்.

மூன்றாவது, பெண். வீரனுக்குப் பக்கத்தில், முழங்கையை மடக்கிக் கையை உயர்த்தி நிற்கும் பெண்ணை மனைவி என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. வளையல் அணிந்த உயர்ந்த கை, சில இடங்களில் அதில் எலுமிச்சையோ மலரோ, உடன்கட்டை ஏறியதற்கான அடையாளம். சில கற்களில் பெண்ணே இருக்கமாட்டாள், ஒரு தூணிலிருந்து கை மட்டும் நீண்டிருக்கும். விஜயநகர காலத்தில் இவை பெருகுகின்றன. இந்தக் கற்களை வீரம் என்ற ஒற்றைச் சொல்லால் மூடிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. அந்தக் கைக்குப் பின்னால் விருப்பமா, வற்புறுத்தலா என்பதைக் கல் சொல்வதில்லை. அழகுக்காக நாமும் சொல்லிவிட வேண்டாம்.

கீழிருந்து மேலே

அடுக்கடுக்காகப் பிரித்த கற்களை வரும் வரிசையில் பாருங்கள்: கீழ் அடுக்கில் சண்டை; நடுவில் வீரனை இருபுறமும் பெண்கள் தாங்கியோ சாமரம் வீசியோ அழைத்துப் போவார்கள்; மேலே இலிங்கமும் நந்தியும், முன்னால் அமர்ந்த வீரன். மேலே இருப்பதை முதலில் பார்த்தவர்கள் சிவன் கோயில் கல் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். கீழிருந்து படித்தால் இறப்பு, பயணம், சிவலோகம் என்று கதை ஒழுங்காக வரும். கன்னட நாட்டுத் தொடர்புள்ள கற்களில் இந்த அமைப்பு அதிகம். நுளம்பர், கங்கர், ஹொய்சாளர் எல்லோரும் ஆண்ட நாடு இது. வேப்பனப்பள்ளிப் பக்கம் சின்னகொத்தூர், குந்தாணிப் பகுதி 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சாள இராமநாதனின் தலைநகராக இருந்தது என்பதால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இதை எதிர்பார்த்தே போகலாம்.

உச்சியில் பிறையும் வட்டமும் இருந்தால் சூரிய சந்திரர். அவை உள்ளவரை இந்தப் புகழும் நிற்கும் என்பது பொருள். வேற்றுக்கிரகத் தட்டு என்று காணொளி போடுபவர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடுங்கள்.

காலம் கணிக்க ஒரு பொதுவான வழி: தனி ஆள், சுற்றிலும் விளிம்புச் சட்டகம் இல்லை, மேலோட்டமான செதுக்கு என்றால் முந்தையது, அடுக்குகள், தோரணம், ஆபரணம், ஆழமான செதுக்கு என்றால் பிந்தையது. இது வழிகாட்டும் விதி மட்டுமே. எளிமையாக வெட்டிய ஊர்த்தச்சர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்.

எழுத்து

எழுத்தை முதல் நாளே படித்துவிட முடியாது. எந்த வகை எழுத்து என்று அடையாளம் காண முடியும், அதுவே பாதி வேலை. உருண்டு சுழன்று, தலைக்கோடு இல்லாமல் வளைந்து போனால் வட்டெழுத்து. பல்லவர் காலத்து நடுகற்களில் பெரும்பாலும் இதுதான். நேர்க்கோடுகள் கூடி, இன்றைய தமிழின் சாயல் தெரிந்தால் சோழர் காலமும் அதற்குப் பின்னும். எழுத்தின் தலையில் சிறு கொண்டை வளைவுகள் வரிசையாகத் தெரிந்தால் கன்னடமோ தெலுங்கோ இருக்கலாம்.

வட்டெழுத்து நடுகல் வாசகத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு. "கோவிசைய" என்று தொடங்கி, மன்னன் பெயர், "பருமற்கு", ஆட்சியாண்டு, ஊர், யாருடைய ஆள், என்ன நடந்தது, பெயர், "பட்டான் கல்" என்று முடியும். தொறு என்பது மாட்டு மந்தை. "தொறுக்கொண்ட" என்றால் கவர்ந்தது, "தொறு மீட்டு" என்றால் மீட்டது. முன்பு படம் சொல்லாமல் விட்ட கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கும். முதலில் "கோ"வையும் கடைசியில் "கல்"லையும் தேடிப் பிடியுங்கள், நடுவில் உள்ளவை மெல்ல மெல்லப் பிடிபடும். பிற்காலக் கல்வெட்டில் சக ஆண்டு இருந்தால் 78-ஐக் கூட்டினால் ஏறத்தாழ கி.பி. ஆண்டு வரும்.

சுண்ணாம்பு, சாக்பீஸ், கோலமாவு எதையும் எழுத்தின் மேல் தேய்க்காதீர்கள். தெரிவது போல் இருக்கும், ஆனால் தேய்ப்பவர் எந்த எழுத்தை எதிர்பார்க்கிறாரோ அந்த எழுத்துதான் தெரியும். மைப்படி எடுப்பது, அதாவது ஈரத்தாளை எழுத்தின் மேல் ஒற்றி மை தடவிப் படியெடுப்பது, பயிற்சி பெற்றவர்கள் வேலை.

நடுகல் அல்லாதவை

பாறையில் சூலம் மட்டும் தனியாக இருந்தால் சிவன் கோயில் நிலத்து எல்லைக்குறி, சங்கு சக்கரம் என்றால் பெருமாள் கோயில் நிலம். கோட்டை வாசலிலும் மலையடிவாரத்திலும் பெரும்பாறையில் வலக்கை ஓங்கி, வால் தலைக்கு மேல் வளைந்து, நுனியில் மணி கட்டி நிற்பவர் ஆஞ்சநேயர். விஜயநகர, நாயக்கர் காலத்து வழக்கம். பின்னிப் பிணைந்த பாம்புகள் அரசமரத்தடி நாகக்கல், பிள்ளை வரம் வேண்டி வைப்பது. கட்டம் கட்டமாகவும் முக்கோணமாகவும் கீறிய கோடுகளை யந்திரம் என்று நம்ப ஆசையாக இருக்கும். ஆடுபுலி ஆட்டக் கட்டமா என்று முதலில் பாருங்கள். மாடு மேய்த்தவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே.

தருமபுரி நகரில் ஒரு முற்பகல்

கோட்டைக் கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். மல்லிகார்ஜுனேசுவரரும் காமாட்சியம்மனும் தனித்தனிக் கோயிலாக இருக்கும் நுளம்பர் காலத்துத் தலம். எல்லோரும் தொங்கும் தூணைக் காட்டி, அடியில் காகிதம் விட்டு எடுப்பார்கள். பார்த்துவிட்டு, அம்மன் கோயிலின் உயர்ந்த அடித்தளத்துக்கு வந்து குனியுங்கள். இராமாயணக் காட்சிகள் சுற்றிலும் சிறு சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. இங்கே புதிரின் விதி மாறுகிறது. கதை நமக்குத் தெரியும், எந்த இடம் என்பதுதான் தெரியாது. அதனால் முதல் சிற்பத்தில் முட்டி மோதாமல், ஐயமே இல்லாத காட்சி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து இருபுறமும் நகருங்கள். குரங்குகள், பத்துத் தலை, மான் இவை நல்ல பிடிமானங்கள். நடுகல்லில் பயன்படாத புராண அறிவு இங்கே கைகொடுக்கும்.

சேலம் சாலையில் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் விதான ஓவியங்களையும் அதே நாளில் பார்த்துவிடலாம். கழுத்து வலிக்கும், கைக்கண்ணாடியை மார்புக்கு நேரே பிடித்து அதில் பாருங்கள்.

பாறை ஓவியமும் கற்திட்டையும்

பர்கூர் அருகே மல்லப்பாடியில் குதிரை மேல் இருந்து சண்டையிடும் ஆட்களை வெண்ணிறத்தில் தீட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பாறை ஓவியம் பற்றிய ஆய்வு 1978-இல் இங்கிருந்துதான் சூடுபிடித்தது. மல்லசந்திரத்தில் பலகைக் கற்களால் அமைத்த கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன, சிலவற்றின் உள்ளே வெள்ளை ஓவியங்கள் உண்டு. "பாண்டவர் வீடு" என்பார்கள் ஊரில். வலப்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில் எழுத வேண்டியது: இரும்புக்கால ஈமச்சின்னம். அந்த இரும்புக்காலம் எவ்வளவு பழையது என்பதற்கு கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையே சான்று. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள்.

இவற்றை இந்து தெய்வங்களோடு இழுத்துப் பிடித்துப் பொருத்த வேண்டாம். ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளிப்பது, ஈரத்துணியால் துடைப்பது, ஃபிளாஷ் அடிப்பது மூன்றும் கூடாது. கற்திட்டைப் பலகையில் ஏறி நிற்கவும் கூடாது.

திரும்பி வந்த பிறகு

அன்று இரவே படங்களை வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் முழு உருவம், அளவு நாடாவோடு ஒன்று, பக்க வெளிச்சத்தில் ஒன்று, சுற்றுப்புறத்தோடு ஒன்று என நான்கு படம் போதும். குறிப்பேட்டின் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டையும் இப்போது சேர்த்துப் படியுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடம் சுவையானது, முரண்படும் இடம் அதைவிடச் சுவையானது. தன் கல்லில் புலியோடு போராடும் ஒருவனை, மாட்டுக்கு நோய் வந்தால் காக்கும் சாமியாக ஓர் ஊர் வணங்கினால், நடுவில் என்ன நடந்தது என்பதே உங்கள் அடுத்த கேள்வி.

பிறகு தொல்லியல் துறை வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளோடு ஒப்பிடுங்கள். வட்டம், ஊர்ப் பெயர் இரண்டையும் பழைய எழுத்துமுறையிலும் தேடுங்கள். பதிவாகியிருந்தால் உங்கள் வாசிப்பைத் திருத்திக்கொள்ளலாம். பதிவாகாதது போல் தெரிந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும் அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமும் படத்தோடு எழுத்து வடிவில் தெரிவியுங்கள். சரியான இருப்பிடத்தை அவர்களுக்கு மட்டும் கொடுங்கள், பொதுவெளியில் போட வேண்டாம். நடுகல்லுக்கு அடியில் புதையல் இருக்கும் என்று கடப்பாரையோடு வருபவர்களும் இணையத்தில் தேடுகிறார்கள்.